ஆளில்லாத கலப்பை

அமெரிக்காவில் மோலீன் என்னும் ஊரைத் தலைமையிடமாகக் கொண்டு உழவுக் கருவிகள் செய்து விற்கும் ஜான் டீர் கம்பெனியாரின் சித்திரச் சேகரத்தில், கிராண்ட் உட் என்ற ஓவியர் 1931-ஆம் ஆண்டில் தீட்டிய ‘இலையுதிர்கால உழவு’ என்ற நிலக்காட்சி ஒன்று இருக்கிறது. அதன் முன்புறத்தில், பாதி உழுதும் பாதி உழாமலும் கிடக்கும் நிலத்தின் நடுவே, எஃகுக் கொழு பூட்டிய ஒரு கலப்பை மண்ணில் ஊன்றியபடி நிற்கிறது; அதற்கப்பால், வாரிவிட்டாற்போல ஒழுங்காக அலையெழுந்து செல்லும் மேடுகளில், அறுத்துக் கட்டி நிறுத்திய மக்காச்சோளத் தட்டைக் கட்டுகள் வரிசை வரிசையாகத் தொடுவானம் வரை போகின்றன; தொலைவில் ஒரு வீடும் தானியக் கொட்டிலும் தெரிகின்றன. மேழிகளைப் பிடித்திருக்க வேண்டிய ஆள் மட்டும் இல்லை. இழுக்க வேண்டிய குதிரைகளும் இல்லை. உழவு என்று பெயரிட்ட படத்தில் உழவன் இல்லாமற் போனது தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

1837-இல் ஜான் டீர் என்ற கொல்லர், கிராண்ட் டிடூர் என்ற சிற்றூரில், ரம்பத் தகட்டின் எஃகைக் கொண்டு செய்த கலப்பையே அந்தக் கம்பெனிக்கு மூலம். புல்வெளி நாட்டின் பிசுபிசுத்த கருமண் வார்ப்பிரும்புக் கொழுவில் அப்பிக்கொண்டு உழவனை அடிக்கொரு தரம் நின்று வழித்துப் போட வைத்தது. எஃகில் அது ஒட்டாமல் வழுக்கிப் புரண்டது. ஆகவே உட் தம் படத்தின் நடுவில் நிறுத்தியிருப்பது ஏதோ ஒரு பண்ணைத் தளவாடமன்று. அந்தப் பிரதேசம் பயிர்நிலமாக மாறியதற்கே காரணமான கருவி. ஆனால் அவர் அதைத் தீட்டிய நாளில் அதன் காலம் முடிந்துகொண்டிருந்தது. ஹென்றி ஃபோர்டின் ஃபோர்ட்சன் டிராக்டர் 1917-இல் உற்பத்தியாகத் தொடங்கியது. ஜான் டீர் கம்பெனியாரே மறு ஆண்டு வாட்டர்லூ என்ற எஞ்சின் கம்பெனியை விலைக்கு வாங்கி டிராக்டர் தொழிலில் இறங்கினார்கள். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியாரின் ஃபார்மால் 1924-இல் வந்தது. அமெரிக்கப் பண்ணைகளில் 1920-இல் ஏறத்தாழ 2,46,000 டிராக்டர்கள் இருந்தன, 1930-இல் 9,20,000, 1940-இல் 15 இலட்சத்துக்கும் மேல். ஒரு தலைமுறைக்குள், அதுவும் விலைவீழ்ச்சியும் வறட்சியும் சேர்ந்து விவசாயியை அலைக்கழித்த அதே ஆண்டுகளில், உழவுத் தொழிலின் உடலசைவே மாறிவிட்டது.

அந்த ஆண்டுகளில் மத்தியமேற்குப் பிரதேசத்தில் எழுந்த ஓவியங்களை ஒருசேர வைத்துப் பார்க்கும்போது எனக்குத் திரும்பத் திரும்பத் தென்படுவது ஒன்று உண்டு. அவற்றுள் சிறந்தவற்றில் ஆண்மகனும் யந்திரமும் ஒரே சட்டத்துக்குள் நிம்மதியாகச் சேர்ந்து நிற்பதில்லை. ஆள் இருந்தால் யந்திரம் எங்கோ மறைந்திருக்கிறது. யந்திரம் இருந்தால் ஆள் அகன்றிருக்கிறான். ஓர் ஆணின் மதிப்பு, அவன் உடல் ஒரு நாளில் செய்து முடிக்கும் வேலையால் அளக்கப்பட்ட சமூகம் அது. எத்தனை ஏக்கர் உழுதான், எத்தனை கட்டு தூக்கி வண்டியில் எறிந்தான், எவ்வளவு நேர்க்கோடாகச் சால் போட்டான் என்பவையே அவனுக்கு ஊரில் இருந்த பெயர். அந்த வேலையை யந்திரம் எடுத்துக்கொண்டபோது, வேலையின் பாரம் மட்டுமன்றி, அதனால் கிடைத்த ஸ்தானமும் அவன் தோளிலிருந்து இறங்கிற்று. ஓவியர்கள் இதைக் கட்டுரைகளில் எழுதவில்லை. உட் 1935-இல் தம் பெயரில் வெளியிட்ட பிரசுரம் நகரத்துக்கு எதிரான கலகத்தைப் பற்றியதேயன்றி டிராக்டருக்கு எதிரானதன்று. எனினும் எதை வரைவது, எதை விடுவது என்ற தேர்வில் அவர்கள் உள்ளம் வெளிப்பட்டுவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

இதற்கு மிகச் சிறந்த சான்று, 1934-இல் உட் தீட்டிய ‘கதிரடிப்போரின் மதிய உணவு’. இப்போது அது ஸான் பிரான்ஸிஸ்கோ நகரின் அரும்பொருட்சாலையில் இருக்கிறது. உயரம் 20 அங்குலம், அகலம் 80 அங்குலம். தேவாலயப் பீடங்களில் வைக்கும் மூன்று பகுதிப் படங்களைப் போல ஒடுங்கி நீண்டது. ஒரு பண்ணை வீட்டின் முன்சுவரை அப்படியே எடுத்துவிட்டு உள்ளே இருப்பதைக் காட்டுகிறார் ஓவியர். இடது ஓரத்தில் திண்ணை. அங்கே முறைக்குக் காத்திருப்பவர்கள் கைகால் கழுவுகிறார்கள், ஒருவன் தலை வாரிக்கொள்கிறான். நடுவில் சாப்பாட்டு அறை; நீண்ட மேஜையின் இரு புறமும், வீட்டில் அகப்பட்ட வகைவகையான ஆசனங்களை இழுத்துப் போட்டுக்கொண்டு, நீலத் தடித்துணி ஓவரால் அணிந்த ஆடவர் நெருங்கி உட்கார்ந்து குனிந்து உண்கிறார்கள். வலது ஓரத்தில் அடுக்களை, அடுப்பருகே பெண்கள், ஒரு பூனை. கொட்டிலின் நெற்றியில் 1892 என்று ஆண்டு எழுதியிருக்கிறது.

உண்பவர் முகங்களைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். புருவத்துக்குக் கீழே வெயிலில் காய்ந்து செம்பு நிறமாகிவிட்ட முகம். புருவத்துக்கு மேலே, நாளெல்லாம் தொப்பியின் நிழலில் இருந்த நெற்றி, பச்சிளம் பிள்ளையின் நெற்றி போல வெளுத்துக் கிடக்கிறது. வயலில் எவரும் காணாத அந்த வெண்மை, தொப்பியைக் கழற்றி வைக்க வேண்டிய வீட்டுக்குள்தான் வெளிப்படுகிறது. முரட்டு உழைப்பாளிகளின் உடலில் மென்மையான ஓரிடத்தைக் கண்டுபிடித்து அதை மேஜையைச் சுற்றிலும் வரிசையாக வைத்திருக்கிறார் உட். கிராமத்து ஆண்மையைப் பற்றி அக்காலத்தில் எழுதப்பட்ட பல பக்கங்களைவிட இந்த வெள்ளை நெற்றிகள் எனக்கு அதிகம் சொல்லுகின்றன.

யந்திரம் எங்கே? கதிரடிக்கும் நாளில் ஊரே திரண்டு வந்து வேடிக்கை பார்க்கும் பொருள் அதுதான். புகை கக்கிக்கொண்டு நீராவி எஞ்சின் ஒரு பக்கம் நிற்க, அதன் சக்கரத்திலிருந்து நீண்ட தோல்வார் ஓடிக் கதிரடி யந்திரத்தைச் சுழற்ற, அதன் வாயில் கதிர்க்கட்டுகளை ஆட்கள் எறிய, ஒரு புறம் தானியமும் மறு புறம் வைக்கோலும் கொட்டும். அவ்வளவு விலையுள்ள யந்திரத்தை ஒவ்வொரு குடியானவனும் வாங்க முடியாது. ஆகவே சுற்றுவட்டாரக் குடும்பங்கள் வட்டமாகச் சேர்ந்து, மாற்றாள் முறையில் ஒருவர் களத்துக்கு மற்றவர் போய், பண்ணை பண்ணையாக வேலையை முடித்தார்கள். அன்றைக்கு எவர் களமோ அவர் வீட்டுப் பெண்களுக்கு, அத்தனை பேருக்கும் சமைத்துப் போடுவது குடும்பத்தின் மானம் சம்பந்தப்பட்ட காரியம். உட் இந்த நாளைச் சித்திரிக்கிறார். ஆனால் யந்திரத்தைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட்டார். யந்திரம் கூட்டிவைத்த மனிதர்களைக் காட்டுகிறாரேயன்றி யந்திரத்தைக் காட்டவில்லை. 1934-க்குள் அறுப்பதையும் அடிப்பதையும் ஒன்றாகவே செய்யும் ‘கம்பைன்’ யந்திரம் சமவெளிகளில் பரவி, ஓரிருவரைக் கொண்டு அறுவடையை முடித்துக்கொண்டிருந்தது. அந்தப் புது யந்திரத்துக்கு மாற்றாள் தேவையில்லை. ஆகையால் நீண்ட மேஜையும் தேவையில்லை. ஊரைச் சேர்த்துவைத்ததும் யந்திரம். ஊரைக் கலைத்ததும் யந்திரம். கொட்டிலில் எழுதிய 1892 என்ற எண், ஓவியர் எந்தப் பக்கம் திரும்பி நின்று பார்க்கிறார் என்பதை ஒளிக்காமல் சொல்லுகிறது.

உட்டின் சொந்த வாழ்வை இங்கே தொடாமல் போவதற்கில்லை. 1891-இல் ஐயோவா மாகாணத்தில் அனமோஸா என்ற ஊரையடுத்த பண்ணையில் பிறந்தவர். தந்தை கண்டிப்பான குவேக்கர் மதத்தினர், நல்ல உழைப்பாளி. 1901-இல் தந்தை இறந்ததும் தாய் பிள்ளைகளோடு ஸீடார் ராப்பிட்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தார். பத்து வயதில் பண்ணையை விட்ட பிள்ளை மீண்டும் அங்கே உழவனாகத் திரும்பவில்லை. இளமையில் பாரிஸுக்குப் போய் வந்தார். தாயுடன் வெகுகாலம் ஒரே வீட்டில் வசித்தார். புகழ் வந்த பிறகு பத்திரிகைக்காரர் முன் அவர் ஓவராலோடு காட்சியளித்தார். தம் தந்தையின் உடையை, தந்தையின் தொழில் இல்லாமல், அணிந்துகொண்டார். 1930-இல் அவருக்கு உலகப் புகழ் தேடித்தந்த ‘அமெரிக்கன் காதிக்’ படத்திலும், குடியானவன் கையிலுள்ள மூன்று பல் கவையின் வடிவம் அவன் ஓவராலின் மார்புத் தையலில் மறுபடியும் விழுந்திருக்கிறது; கருவி வேறு, மனிதன் வேறு என்று பிரிக்க முடியாதபடி உடையிலேயே அதை நெய்துவிட்டார் ஓவியர். ஆனால் அந்தக் குடியானவனாக நின்று கொடுத்தவர் ஊர்ப் பல் வைத்தியர்.

ஐயோவாவின் டாவென்போர்ட் நகரில் உள்ள உட்டின் சுயசித்திரம் இதைவிட வெளிப்படையானது. 1932-இல் தொடங்கி, அவர் காலமாகும் வரை முடிக்காமல் வைத்திருந்த படம் அது. பின்னணியில் வயல்களுக்கு மேலே நீரிறைக்கும் காற்றாடி ஒன்று நிற்கிறது. அந்தக் காற்றாடியைத் தம் பல படங்களில் ஏதேனும் ஒரு மூலையில் வைப்பது அவர் வழக்கம். முதலில் இச்சித்திரத்தில் தம்மை ஓவரால் அணிந்தவராகவே வரைந்திருந்தார். பிறகு அதை அழித்துச் சாதாரணச் சட்டையாக மாற்றினார். பண்ணையின் யந்திரம் பின்னால் இருக்கட்டும், பண்ணையாளின் உடை என் மேல் வேண்டாம் என்று அவர் முடிவு செய்ததற்குக் காரணம் எதுவாயினும், கடைசியில் பொய் வேஷத்தைக் களைந்து உண்மையை வைத்துக்கொண்டார் என்பதால் இந்தப் படத்தின்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

ஆர். டிரிப் எவன்ஸ் என்பார் 2010-இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு, உட்டின் உள்ளம் ஆண்களையே நாடியது என்றும், அதை மறைத்து வாழ வேண்டிய நிர்ப்பந்தமே அவர் ஓவியங்களின் இறுக்கத்துக்கு மூலம் என்றும் வாதிக்கிறது. ஒருவருடைய அந்தரங்கத்தைப் படத்திலிருந்து உருவி எடுப்பதில் எனக்குத் தயக்கம் உண்டென்றாலும், ‘புழுக்கமான இரவு’ என்ற கல்லச்சுச் சித்திரத்துக்கு நேர்ந்த கதி பொதுவாழ்வைச் சேர்ந்தது. நாள் முழுதும் வேலை செய்த பண்ணையாள் ஒருவன், இரவில் கால்நடைகளின் தண்ணீர்த் தொட்டியருகே நிர்வாணமாக நின்று, வாளித் தண்ணீரைத் தன்மேல் ஊற்றிக்கொள்கிறான். சிறுவயதில் பண்ணையில் உட் கண்ட சாதாரணக் காட்சி. 1930-களின் இறுதியில் வெளியான இதை ஆபாசம் என்று கூறித் தபால் இலாகா அனுப்ப மறுத்தது. ஆகவே வழக்கமான 250 பிரதிகளுக்குப் பதிலாக 100 பிரதிகளே அச்சாயின. அதே காட்சியை எண்ணெய் வர்ணத்தில் தீட்டியிருந்த பலகையிலிருந்து, ஆள் நிற்கும் பகுதியை ஓவியர் பிறகு அறுத்து எடுத்துவிட்டார். தொட்டி மட்டும் எஞ்சியது. கலப்பையோ கவையோ கையில் இருக்கும்வரை ஆணின் உடல் நாட்டின் பெருமை. கருவியைக் கீழே வைத்துவிட்டு உடலாக மட்டும் நின்றால் குற்றம். யந்திரத்தோடும் கருவியோடும் பிணைந்த அந்த ஆண்மை எவ்வளவு குறுகிய இடத்தில் நின்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் வேண்டியதில்லை.

உட்டின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் தாமஸ் ஹார்ட் பென்டன் என் கூற்றுக்கு மாறானவர் என்று ஒருவர் எடுத்துக்காட்டலாம். ‘இன்றைய அமெரிக்கா’ என்று 1930-31-இல் நியூயார்க்கில் அவர் தீட்டிய சுவர்ச் சித்திரங்களிலும், அந்தப் பத்தாண்டின் இறுதியில் செய்த ‘கோதுமை அடித்தல்’ என்ற படத்திலும், ஆட்களும் எஞ்சினும் புகையும் கதிரும் ஒரே சுழலில் அகப்பட்டாற்போல வளைந்து நெளிகின்றன. தசைகள் முறுக்கேறுகின்றன, புகைக்கும் அதே முறுக்கு. பார்ப்பவரை இழுத்துக்கொள்ளும் வேகம் அவரிடம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அந்த வேகத்தில் எல்லாம் ஒன்றுபோல ஆகிவிடுவதால், யந்திரத்துக்கு முன் நிற்கும் தனி மனிதனுக்கு என்ன நேர்ந்தது என்ற வினாவே அங்கே எழுவதில்லை. பென்டன் தம் வாழ்விலும் ஆண்மையை உரத்த குரலில் பறைசாற்றியவர். அரும்பொருட்சாலைகளை நடத்துவோரின் நடையையும் மணிக்கட்டு வளைவையும் பத்திரிகையாளர் முன் இழிவாகப் பேசியதன் காரணமாக 1941-இல் கான்ஸஸ் நகரக் கலைக்கழகத்தில் வேலையை இழந்தார். அத்தனை உரக்கச் சொல்ல வேண்டியிருந்ததே அச்சத்தின் அடையாளம் என்று தோன்றுகிறது. ஸெயின்ட் லூயிஸ் நகரில் வீட்டுச் சுவர்களுக்கு வர்ணம் அடித்துப் பிழைத்து, தாமே ஓவியம் பயின்று, பொதுவுடைமைவாதியான ஜோ ஜோன்ஸ், கான்ஸஸ் மாகாணத்தின் தபாலாபீஸ்களில் வரைந்த அறுவடைச் சித்திரங்கள் பென்டனுடையவற்றைவிட நிதானமானவை. அவற்றில் ஆண் வீரனல்லன், கூலிக்கு வேலை செய்பவன்.

யந்திரத்தை நேருக்கு நேர் நோக்கியவர் டெக்ஸஸ் ஓவியர் அலெக்ஸாண்டர் ஹோக். முதல் உலக யுத்தத்தில் கோதுமை புஷலுக்கு 2 டாலருக்கு மேல் விற்றபோது, தென்சமவெளிகளில் தலைமுறை தலைமுறையாகப் புல் வேரோடி மண்ணைப் பிடித்து வைத்திருந்த நிலமெல்லாம் டிராக்டராலும் வட்டத்தட்டுக் கலப்பையாலும் கிழிக்கப்பட்டது. 1931-இல் விலை 40 சென்ட்டுக்கும் கீழே இறங்கியது. குறைந்த விலைக்கு ஈடுகட்ட இன்னும் அதிக நிலத்தை உழுதார்கள். பிறகு மழை பொய்த்தது. பொடியாக்கப்பட்ட மண் காற்றில் எழுந்தது. 1935-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை எழுந்த புழுதிச் சுவர் பகலை இருளாக்கிற்று. இவ்வளவுக்கும் மூலமான செயல், ஆண்மையின் சாதனையாகக் கொண்டாடப்பட்ட செயலே: கன்னி நிலத்தை உழுது வசப்படுத்தினோம் என்ற பெருமிதம்.

அந்தப் பெருமிதத்தின் மொழியிலேயே ஹோக் அதற்கு விடை சொன்னார். துல்ஸா நகரின் ஃபில்புரூக் அரும்பொருட்சாலையில் உள்ள ‘மண்ணரிப்பு - ஆடை களைந்த பூமித்தாய்’ என்ற 1936-ஆம் ஆண்டுப் படத்தில், மேல்மண் அரித்துப்போன நிலம் ஒரு பெண்ணின் நிர்வாண உடலாகக் கிடக்கிறது. முன்புறத்தில், வேலை முடிந்துவிட்ட ஒரு கலப்பை. சிறுவயதில் தோட்டத்தில் தாயோடு இருக்கும்போது பூமியும் ஒரு தாய் என்று அவர் சொல்லக் கேட்டு, மண்ணுக்கடியில் ஒரு பெண்ணுருவம் படுத்திருப்பதாகக் கற்பனை செய்துகொண்டதே இதற்கு வித்து என்று ஹோக் கூறியிருக்கிறார். இங்கும் உழுதவன் இல்லை. உட்டின் படத்தில் ஆளில்லாக் கலப்பை ஏக்கத்தைத் தந்தது. இங்கே அது சாட்சிப் பொருளாகக் கிடக்கிறது. ஒரே கருவி, ஒரே வெறுமை, ஐந்தாண்டு இடைவெளி. நிலத்தைப் பெண்ணுடலாக வளைத்துக் காட்டுவதில் உட்டும் குறைந்தவரல்லர். அதே 1936-இல் தீட்டிய ‘வசந்த உழவு’ படத்தில் பசுமேடுகள் உடலின் வளைவுகளாகவே பருத்து எழ, எறும்பளவில் உழவரும் குதிரைகளும் அவற்றின்மேல் ஊர்கிறார்கள். ஆனால் உட் தழுவ நினைத்த உடலில் ஹோக் காயத்தைக் கண்டார்.

ஹோக்கின் ‘வறட்சியில் தப்பியவை’ என்ற படத்தில் டிராக்டரே மணலில் பாதி புதைந்திருந்தது. அருகே செத்த மாடுகள். உயிரோடு இருந்தவை பாம்பும் புல்வெளி எலியும்தான். ‘லைஃப்’ பத்திரிகை 1937-இல் ஹோக்கின் படங்களை வெளியிட்டபோது மேற்கு டெக்ஸஸ் பிரமுகர்கள் தங்கள் ஊரை இழிவுபடுத்திவிட்டதாகக் கொதித்தார்கள். மேற்படி படம் பாரிஸுக்குப் போய், பின்னர் தீயில் அழிந்தது. இன்று அதன் நிழற்படமே எஞ்சியிருக்கிறது. 1939-இல் வந்த ‘சிலுவையில் அறையப்பட்ட நிலம்’ படத்தில், செம்மண் நிலம் வெட்டுண்ட சதைபோலப் பிளந்து கிடக்க, சோளக்கொல்லைப் பொம்மை ஒன்று சிலுவையாகச் சாய்ந்து நிற்க, தொலைவில் டிராக்டர் சிறிதாகத் தெரிகிறது. ஆளின் இடத்தில் ஆளுருவப் பொம்மை நிற்பதை யாரும் கவனிக்கத் தவறக் கூடாது.

இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய செய்தியா என்று கேட்பவர், ருஷ்ய ஓவியர் அர்காதி பிளாஸ்தவ் 1951-இல் தீட்டிய ‘டிராக்டர் ஓட்டிகளின் இரவு உணவு’ படத்தைப் பார்க்கலாம். புதிதாய் உழுத மண்மேல், அந்தி வெளிச்சத்தில், டிராக்டரை நிறுத்திவிட்டு ஒருவனும் ஒரு சிறுவனும் இளைப்பாற, வெண்ணிற மேலுடை அணிந்த ஒரு பெண் அவர்களுக்குப் பால் ஊற்றுகிறாள். முற்றிலும் வேறான அரசியலில் வாழ்ந்த பிளாஸ்தவும், உட்டைப் போலவே, யந்திரத்தின் வேலையை விட்டுவிட்டு உணவு வேளையைத் தேர்ந்தெடுத்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது. யந்திரம் ஓயும்போதுதான் ஓட்டுபவன் மறுபடியும் பசியும் களைப்பும் உள்ள மனிதனாகிறான். ஆனால் அந்த நாட்டில் பாஷா ஏஞ்சலினா என்ற இளம்பெண் 1933-லேயே பெண்கள் மட்டும் அடங்கிய டிராக்டர் படையை அமைத்து நாடெங்கும் பெயர் பெற்றிருந்தார். அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின்பும், மகத்தான இந்தப் படத்தில், டிராக்டர் ஆணுக்கும் பால் ஜாடி பெண்ணுக்கும் என்ற பங்கீடு மாறவில்லை.

அமெரிக்க ஓவியர்களும் அந்தப் பங்கீட்டைத் தாண்டவில்லை. ஐயோவா மாகாணத்து ஏம்ஸ் கல்லூரி நூலகத்தில் உட்டின் மேற்பார்வையில் 1934-இல் தீட்டப்பட்ட சுவர்ச் சித்திரங்களில், வேளாண்மையும் எஞ்சினீயரிங்கும் ஆண்களுக்கு, மனையியல் பெண்களுக்கு எனச் சுவரே பிரிந்து நிற்கிறது. டிராக்டரோ அந்தப் பிரிவினையை அறியாது. கியரை மாற்றவும் சக்கரத்தைத் திருப்பவும் கவையால் கட்டுகளைத் தூக்கி எறிந்த தோள்கள் வேண்டியிருக்கவில்லை. உட் காலமான 1942-ஆம் ஆண்டிலேயே, ஆண்கள் யுத்தத்துக்குப் போய்விட்ட பண்ணைகளில் வேலை நிற்காதிருக்கும் பொருட்டு, இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியார் கிராமத்துப் பெண்களுக்கு டிராக்டர் ஓட்டவும் பழுது பார்க்கவும் வகுப்புகள் நடத்தி, அவர்களை ‘டிராக்டரெட்’ என்று அழைத்தார்கள். மறு ஆண்டு அரசாங்கமே பெண்கள் நிலப்படை ஒன்றை நிறுவிற்று. உட், பென்டன், ஹோக் ஆகியோரின் புகழ்பெற்ற படங்களில் அந்தப் பெண் இல்லை. கம்பெனி விளம்பரத் தாள்களிலும் அரசாங்கச் சுவரொட்டிகளிலும்தான் அவள் ஃபார்மாலின் ஆசனத்தில் அமர்ந்திருக்கிறாள். உட் ஏன் கதிரடி யந்திரத்தைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தினார் என்பதை முழுமையாக விளங்கிக்கொள்ள விரும்புபவர், அவர் படத்தின் வலது ஓரத்தில் அடுப்பருகே நிற்கும் பெண்களையும் அந்த விளம்பரத் தாள்களையும் ஒரே மேஜையில் வைத்து ஆராய வேண்டியிருக்கும்.